ஏழு பேர் கூடுகிற இடத்தில்

வேலை மாற்றலாகி வடமாநிலத் தொழில்நகரம் ஒன்றில் குடியேறிய சகோதரர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "நான் இங்கே வந்தபோது எங்கள் தமிழ் ஆராதனைக்கு நாற்பது பேர் வந்தார்கள். ஆலை ஒன்று மூடப்பட்டபின் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். சிலர் இங்கேயே இருந்தும் வருவதில்லை. இப்போது ஏழு பேர். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். பணியிடத்தில் ஜெபிக்கிறவன் நான் ஒருவன்தான். இத்தனை சிலராகிவிட்ட பிறகு விசுவாசத்தில் நிலைத்திருப்பதில் பொருள் உண்டா? உண்டென்றால், எப்படி நிலைத்திருப்பது?"

பொருள் உண்டு. அதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் "நான் ஒருவன்தான்" என்ற அந்தச் சொல், உங்களைவிடவும் என்னைவிடவும் பெரிய ஒருவர் வாயிலிருந்து வந்த சொல். அதற்குக் கிடைத்த மறுமொழியை நிதானமாகப் பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அதிலேயே வழி பிறக்கிறது.

கிறிஸ்துவுக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டில், ஆகாப் இஸ்ரவேலை ஆண்ட காலத்தில், கர்மேல் மலையில் நின்று எலியா மக்களிடம் சொன்னார்: கர்த்தருடைய தீர்க்கதரிசிகளில் மீந்திருக்கிறவன் நான் ஒருவன்; பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் தீர்க்கதரிசிகளோ நானூற்றைம்பது பேர். ஒன்று இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் சற்றுத் தயங்க வேண்டும். சில வசனங்களுக்கு முன்புதான், ஆகாபின் அரமனை விசாரிப்புக்காரனான ஒபதியா வழியில் எலியாவைச் சந்தித்து, அரசி யேசபேல் கர்த்தருடைய தீர்க்கதரிசிகளைக் கொன்றபோது தான் நூறு பேரை ஐம்பது ஐம்பதாகக் கெபிகளில் (குகைகளில்) ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றியதைச் சொல்லியிருக்கிறான். ஆக, எலியாவுக்கு அந்தச் செய்தி தெரியும். தெரிந்தும் "நான் ஒருவன்" என்கிறார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. தனிமையில் நெடுங்காலம் போராடியவனின் கணக்கில், ஒளிந்திருக்கிறவர்களும் அரமனையில் சம்பளம் வாங்குகிறவர்களும் சேருவதில்லை. கெபியில் இருக்கும் நூறு பேர் அவருக்குத் துணையாக வந்து நிற்கவில்லை. ஒபதியாவோ எதிரியின் வீட்டில் வேலை செய்கிறான். அவர்களை எண்ணிக்கையில் சேர்க்க எலியாவின் களைத்த மனம் இடம் கொடுக்கவில்லை.

கர்மேலில் வெற்றி கிடைத்த பிறகும் அந்தச் சொல் அவரை விட்டு நீங்கவில்லை. யேசபேலின் மிரட்டல் வந்ததும் பெயெர்செபாவுக்கு ஓடி, வேலைக்காரனை அங்கேயே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாவை வேண்டிக்கொண்டார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் அவரைத் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். அவர் புசித்து மறுபடியும் படுத்துக்கொள்ள, இரண்டாம் முறையும் எழுப்பிப் புசிக்கச் சொன்னான். விசுவாசம் தளர்கிறதென்று எனக்கு எழுதுகிறவர்களிடம் நான் முதலில் தூக்கத்தையும் உணவையும் பற்றி விசாரிப்பதற்கு இந்தப் பகுதியே காரணம். இரவுப் பணி முடித்து வந்து, தனியறையில் உண்ணாமல் படுத்து, ஞாயிறு காலையில் வெறுமையை உணர்கிறவர் அந்த வெறுமை முழுவதையும் ஆவிக்குரிய வீழ்ச்சி என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்த எலியாவிடம் கர்த்தர் கேட்ட கேள்வி, "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்பது. பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்து, அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்ட பின்பும் எலியாவின் பதில் மாறவில்லை. "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று சொல் மாறாமல் இரண்டு முறை சொல்கிறார். தரிசனம்கூட அந்தக் கணக்கைத் திருத்தவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. கர்த்தர் அதற்கு என்ன செய்தார்? உடனே எண்ணிக்கையைச் சொல்லவில்லை. முதலில் வேலை கொடுத்தார்: திரும்பிப் போ, ஆசகேலை அபிஷேகம்பண்ணு, யெகூவை அபிஷேகம்பண்ணு, ஆபேல்மேகொலாவில் இருக்கிற எலிசாவை உன் ஸ்தானத்தில் அபிஷேகம்பண்ணு. அதற்குப் பிறகே, பாகாலுக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேரை இஸ்ரவேலில் மீதியாக வைத்திருக்கிறேன் என்ற வார்த்தை வருகிறது. அந்த ஏழாயிரம் பேரின் பெயர்களோ ஊர்களோ எலியாவுக்குக் கொடுக்கப்படவில்லை. அவருக்குக் கண்ணெதிரே கிடைத்தது, பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசா என்ற ஒரே ஒரு ஆள். பவுல் ரோமர் 11ஆம் அதிகாரத்தில் இதே நிகழ்ச்சியை எடுத்து, இக்காலத்திலும் அப்படியே கிருபையினால் ஒரு பங்கு மீதியாயிருக்கிறது என்று எழுதும்போது, மீதியை வைத்திருக்கிறவர் கர்த்தரே, அந்தக் கணக்கும் அவருடையதே என்பதைத்தான் வற்புறுத்துகிறார்.

வேதாகமத்தின் இந்த உண்மை வரலாற்றில் எவ்வாறு நடந்தேறியது என்பதற்கு, நான் அறிந்தவற்றுள் மிக உறுதியான சான்று ஜப்பானில் இருக்கிறது. முத்துக்குளித்துறையில் நம் பரதவ மக்களிடையே ஊழியம் செய்த அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார். சில பத்தாண்டுகளில் அங்கே திருச்சபை விரைந்து வளர்ந்தது. பிறகு அடக்குமுறை வந்தது. 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் இருபத்தாறு பேர் சிலுவையில் கொல்லப்பட்டார்கள். 1614இல் கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 1640களின் நடுவில் கடைசிக் குருவானவரும் கொல்லப்பட்டார். ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்தக் கோவிலில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவம் பொறித்த தகட்டை மக்கள் காலால் மிதித்துத் தாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல என்று காட்ட வேண்டியிருந்தது. நாகசாகிப் பகுதியில் இது ஆண்டுதோறும் நடந்தது.

குரு இல்லை, நற்கருணை இல்லை, அச்சிட்ட புத்தகம் வைத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. இந்த நிலையில் ஏறத்தாழ இருநூற்றிருபது ஆண்டுகள் அவர்கள் விசுவாசத்தைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். எப்படி என்று கேட்பவருக்கு, வீரத்தினால் என்று பதில் சொல்வது போதாது. அவர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நாகசாகியை அடுத்த உராகாமி போன்ற கிராமங்களில் ஒருவர் திருநாட்காட்டியைக் காப்பவர். எந்த நாள் பெருநாள், எந்த நாள் ஒறுத்தல் நாள் என்று கணித்துச் சொல்வது அவர் பொறுப்பு. இன்னொருவர் பிறந்த பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பவர். குரு இல்லாத இடத்தில் எந்த விசுவாசியும் செய்யக்கூடிய திருவருட்சாதனம் அதுவே என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மூன்றாமவர் வீடு வீடாகச் சென்று செய்தி சொல்பவர். நாட்காட்டிக்காரர் கணித்ததைக் குடும்பங்களுக்குக் கொண்டுசேர்ப்பது அவர் வேலை. மூவரும் விவசாயிகள், மீனவர்கள் போன்ற சாதாரண மக்கள். 1634ஆம் ஆண்டின் திருநாட்காட்டியே தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் அடிப்படையாக இருந்தது. இலத்தீனிலும் போர்த்துகீசிய மொழியிலும் கற்ற ஜெபங்கள் வாய்மொழியாகவே சென்று, ஒலி சிதைந்து, பொருள் மங்கி, ஆயினும் 'ஓராஷோ' என்ற பெயரில் நிலைத்தன.

அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தத் தகட்டை மிதித்தவர்கள் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. மிதிக்காதவர்கள் கொல்லப்பட்டார்கள்; மிதித்தவர்களின் பிள்ளைகள்தாம் ஜெபத்தைக் கற்றார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவடைத்து, மனஸ்தாப ஜெபம் சொன்னார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத இடத்தில் உத்தம மனஸ்தாபப்படுவது எப்படி என்று விளக்கும் சிறு நூல் ஒன்று, தடைக்கு முன்பே, 1603இல் எழுதப்பட்டிருந்தது. அது கையெழுத்துப் படிகளாக அவர்களிடையே வழங்கியது. இறந்தவருக்குப் பௌத்தத் துறவி வந்து சூத்திரம் ஓதும்போது, மறைவாக வேறிடத்தில் அமர்ந்து தங்கள் ஜெபத்தைச் சொன்ன குடும்பங்களும் இருந்தன. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. விழுந்து, அழுது, மறுநாளும் பிள்ளைக்குக் கர்த்தரின் ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறவனின் உண்மையும் உண்மைதான். கர்த்தர் அதையும் கணக்கில் வைத்தார் என்றே நடந்தவற்றைப் பார்க்கையில் நான் நம்புகிறேன்.

நடந்தது இதுதான். ஜப்பான் வெளிநாட்டாருக்குத் திறந்துவிடப்பட்ட பின், நாகசாகியில் அயல்நாட்டார் வழிபடுவதற்காக ஓவுரா ஆலயம் கட்டப்பட்டு 1865 பிப்ரவரியில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பெர்னார்ட் பெத்தீழான் என்ற பிரெஞ்சுக் குருவானவர், பழைய விசுவாசிகளில் யாராவது எஞ்சியிருப்பார்களா என்று ஏங்கிக் காத்திருந்தார், யாரும் வரவில்லை. மார்ச் 17 அன்று, உராகாமியிலிருந்து பதினைந்து பேர் அளவில் ஆலய வாசலுக்கு வந்தார்கள். அவர் உள்ளே சென்று முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் அருகில் வந்து, தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று மெல்லிய குரலில் சொன்னாள். மரியாளின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். ஒரு பக்கம், இந்த நாட்டில் இனி யாருமில்லையோ என்று அஞ்சிய ஒரு குரு. மறுபக்கம், உலகில் தங்களைத் தேடி வர யாரேனும் இருக்கிறார்களா என்று ஏழு தலைமுறையாக அறியாத ஒரு கிராமம். இரு தரப்பாரும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தார்கள். ஓரேபில் எலியாவுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை இதைவிடத் தெளிவாக நிறைவேறிய இடம் எனக்குத் தெரியாது.

அதோடு துன்பம் முடிந்துவிடவில்லை. உராகாமி மக்கள் பௌத்த முறை அடக்கத்தை வெளிப்படையாக மறுத்ததால் 1867இல் கைதுகள் தொடங்கின; அடுத்த ஆண்டுகளில் சுமார் 3,400 பேர் நாட்டின் பல பகுதிகளுக்கு நாடுகடத்தப்பட்டார்கள்; 600க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். 1873இல் கிறிஸ்தவத்தைத் தடைசெய்யும் அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்ட பின் திரும்பி வந்தவர்கள், எந்த ஊர்த்தலைவர் வீட்டில் தங்கள் முன்னோர் தகட்டை மிதிக்க வைக்கப்பட்டார்களோ அந்த வீடு இருந்த நிலத்தையே வாங்கி, அதில் உராகாமிப் பேராலயத்தை எழுப்பினார்கள். மறைந்து வாழ்ந்தவர்களில் ஒரு பகுதியினர் வந்த குருக்களோடு சேரவில்லை என்பதும் உண்மை. இகித்சுகி தீவில் உள்ளவர்கள் முன்னோர் தந்த வடிவத்தையே தொடர்ந்தார்கள். அவர்கள் தொகை இன்று மிகவும் குறைந்துவிட்டது. சிறு கூட்டம் பெரிய திருச்சபையின் தொடர்பு இல்லாமல் நெடுங்காலம் இருந்தால், காத்துவைத்த வடிவமே பற்றுக்கோடாகிவிடும் ஆபத்து உண்டு என்பதை அவர்களைக் குறைகூறாமலே நாம் கற்றுக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை வரும் குருவானவரின் வருகையை நீங்கள் சிறிதென்று எண்ண வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

நம் மொழி பேசும் மண்ணிலும் இப்படி ஒன்று நடந்தது; அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்தார்கள். அந்த டச்சுக்காரர்கள் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) திருச்சபையார். நானும் சீர்திருத்த மரபில் வந்த சபையைச் சேர்ந்தவன். பெரும்பான்மையும் அதிகாரமும் கையில் வந்தபோது எங்கள் மரபினர் யேசபேலின் பக்கம் நின்றார்கள் என்பதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குரு இல்லாதிருந்த அந்த மக்களைத் தேடி, 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் தூத்துக்குடி வழியாக வந்து யாழ்ப்பாணத்தில் இறங்கினார். யார் விசுவாசி என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. கழுத்தில் ஜெபமாலை தெரியும்படி அணிந்து, பிச்சைக்காரர் கோலத்தில் வீடு வீடாகச் சென்று, அந்த மாலையைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்து மக்களைக் கண்டுபிடித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் சில்லாலைக் கிராமம் அவருடைய பணிக்கு மையமாயிற்று. பின்பு கண்டிக்குச் சென்று, உளவாளி என்ற ஐயத்தில் சிறைப்பட்டு, விடுதலையாகி, 1711இல் அங்கேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இனி உங்கள் ஏழு பேருக்கு வருகிறேன். பல ஆண்டுகள் சிறிய சபைகளில் வேதபாடம் வாசித்தும் பிரசங்கித்தும் வந்தவன் நான். ஒருகாலத்தில் ஆராதனை தொடங்குமுன் ஆட்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் எனக்கு இருந்தது. எண் குறைந்த ஞாயிறுகளில் என் குரலும் தாழ்ந்துபோவதை ஒரு மூதாட்டி எனக்குச் சுட்டிக்காட்டினார். அதன்பின் எண்ணுவதை ஆராதனை முடிந்த பிறகு செய்யத் தொடங்கினேன். பதிவேட்டுக்கு எண் தேவைதான். பிரசங்கிக்கிறவனுக்கு அது முன்கூட்டியே தேவையில்லை.

உங்கள் எழுவரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இப்போது பாட்டு, ஜெபம், வாசிப்பு, அறைக்கு வாடகை, குருவானவருக்கு ரயில் சீட்டு எல்லாம் நீங்கள் ஒருவரே பார்ப்பதாக உங்கள் கடிதத்தின் மற்றப் பகுதியிலிருந்து தெரிகிறது. அப்படிச் செய்கிற எவருக்கும் "நான் ஒருவன்தான்" என்ற எண்ணம் வந்தே தீரும். ஒருவர் திருச்சபை ஆண்டின் வாசிப்புகளையும் நாட்களையும் குறித்து வைக்கட்டும். ஒருவர் வராதவர்களுக்குச் செய்தி சொல்லட்டும். ஒருவர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கட்டும், அங்கே இரண்டே பிள்ளைகள் இருந்தாலும் சரி. ஞானப்பாட்டுகளையும் சங்கீதங்களையும் மனப்பாடம் செய்யுங்கள். கைப்பேசியில் எல்லாம் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் நள்ளிரவில் மருத்துவமனைப் படுக்கையில் தானாக நாவில் எழுவது மனப்பாடமாக இருப்பது மட்டுமே.

இரண்டு மூன்று பேர் என் நாமத்தில் கூடியிருக்கிற இடத்தில் அவர்கள் நடுவில் இருக்கிறேன் என்ற வசனத்தைச் சிறு சபைகள் ஆறுதலாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அது மத்தேயு 18இல் எங்கே வருகிறதென்று பாருங்கள்: குற்றம் செய்த சகோதரனிடம் தனித்துச் சென்று பேசி, அவனை ஆதாயப்படுத்திக்கொள்ளும் வழியைச் சொன்ன இடத்தில் வருகிறது. நானூறு பேர் உள்ள சபையில் இருவர் பேசாமலிருந்தால் யாருக்கும் தெரியாது. ஏழு பேரில் இருவர் பேசாமலிருந்தால் ஆராதனையே நடக்காது. ஆகவே உங்களுக்கு ஒப்புரவாகுதல் ஒவ்வொரு வாரத்துக்குமான வேலை. அதேபோல, நாங்களே மீதியானவர்கள், மற்றவர்கள் பின்வாங்கியவர்கள் என்ற எண்ணம் உங்களிடையே நுழைந்தால் அதை உடனே அகற்றுங்கள். "நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல" என்று சூரைச்செடியின்கீழ் சொன்னவரையே கர்த்தர் தூக்கி நிறுத்தினார்.

பணியிடத்தைப் பொறுத்தவரை, பிரசங்கம் தேவையில்லை, ஒளிப்பதும் தேவையில்லை. மதிய உணவுக்கு முன் தலைகுனிந்து நன்றி சொல்வது போன்ற ஓர் அடையாளம், கண்டுகொள்ள வேண்டியவர் கண்டுகொள்ளும் அளவுக்குப் போதும். நகரிலேயே இருந்தும் ஆராதனைக்கு வராதவர்களைக் குறித்து நீங்கள் கசப்போடு எழுதியிருக்கிறீர்கள். ஒபதியாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் ஆகாபின் வீட்டில் வேலை செய்துகொண்டே சிறுவயதுமுதல் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன்; எலியாவின் கணக்கில் அவன் இல்லை, கர்த்தருடைய கணக்கில் இருந்தான். அந்தக் குடும்பங்களில் ஒன்றை இந்த வாரமே, ஞாயிறு அல்லாத ஒரு மாலையில், போய்ப் பாருங்கள். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஊர்ச் செய்தி பேசுங்கள், பிள்ளையின் படிப்பை விசாரியுங்கள். ஏன் வரவில்லை என்று மட்டும் அன்றைக்குக் கேட்க வேண்டாம்.